என் ஈரலுக்குள் ஒரு பழைய இரும்புக் கடை

கிள்ளானில் பழைய இரும்பு என்றால் என் கடைதான். மூன்றாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், காரையே காந்தத்தில் தூக்கும் கிரேனைச் சொந்தமாக வாங்கி நிறுத்தினேன். இரும்பில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது என் ஈரலில் ஒரு புள்ளி தெரிந்தது. புற்றா இல்லையா என்று பார்க்க, இரும்புத் துகளை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாள் கோலாலம்பூர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் பெண். 'நானோ' துகள் என்று பெயராம். கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவுக்குப் பொடியாம்.

"ஸ்கேன் மெஷினே ஒரு காந்தம்தானே?" என்றேன்.

"ஆமா அங்கிள்."

"இரும்ப உள்ள ஏத்தி, என்னையக் காந்தத்துக்குள்ள தள்ளப் போறீங்க. என் கிரேன் காரையே தூக்கும் லா! நான் மேல போய் ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டுனா அப்படியே விட்டுருங்க டாக்டர். வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி. போன் வரவே, எழுந்து வெளியே போனாள்.

டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். அவ்வளவு பொடியான இரும்பு என்னை இழுத்துக்கொண்டு போகாதாம். நல்ல ஈரலில் குப்பை பொறுக்கும் செல்கள் உண்டு. அவை இரும்பை விழுங்கினால் படத்தில் அந்த இடம் கறுக்கும். புற்றில் விழுங்க ஆள் இருக்காது, வெள்ளையாகவே நிற்கும். "இதே துகள்மேல மருந்த ஏத்தி, கெட்ட செல்லுக்கு மட்டும் அனுப்பவும் ஆராய்ச்சி நடக்குது அங்கிள்."

குப்பை பொறுக்கி இரும்பு சேர்க்கிற ஆட்கள்! என் உடம்புக்குள்ளேயே எனக்கொரு கிளை ஓடியிருக்கிறது, முதலாளிக்கே தெரியவில்லை.

ஊசி ஏறியது. குழாய்க்குள் படுத்தேன். மெஷின் தடதடவென்று அடித்தது. எங்கேயும் ஒட்டவில்லை. ஆனால் அந்தப் புள்ளி? "தின்னுங்கடா, தின்னுங்க," என்று உள்ளே இருந்தவர்களைக் கெஞ்சினேன். நான் வேலையாட்களைக் கெஞ்சியது அன்று மட்டும்தான்.

திரையில் என் ஈரல் கரிக்கட்டையாக வந்தது. என் மனைவி ஓவென்று அழுதாள். "ஐயோ, எல்லாம் கருகிப் போச்சே!"

"அழாத. கறுப்புதான் நல்லது. டாக்டரு, புள்ளி இருந்த இடத்தக் காட்டும்மா."

டாக்டர் பெண் விரலை வைத்துக் காட்டினாள். அங்கேயும் கறுப்பு. "இரும்ப நல்லா முழுங்கியிருக்கு. புற்று இல்ல அங்கிள்."

நெஞ்சை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கறுப்பக் கேலி பண்ணுனியே, இப்ப பேசு."

அவள் மூக்கைத் துடைத்தாள். "வெளியதான் கறுப்புன்னு நெனச்சேன். உள்ளயும் அதே கலரா இருக்கப் போய்ப் பொழச்சீங்க."