லேசான ஸ்பிரிங்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கவில்லை. நம்பாமல் இருக்க நானே எவ்வளவோ முயன்று பார்த்தேன். நான் இயற்பியல் படித்தவள். ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எதற்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று பழகிப்போன மூளை எனக்கு. இதற்கு மட்டும் காரணம் இன்னும் அகப்படவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். இது நள்ளிரவில் நடந்ததல்ல. நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் நடந்தது.

என் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில், மூன்று வருடமாக ஒரு மோட்டார் சைக்கிளைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருந்தான். சேசிஸ் அவனே குழாய் வளைத்துப் பற்றவைத்தது. எஞ்சின் பழையது, ஐந்நூறு சி.சி., ஒரே ஒரு சிலிண்டர். ஆகவே அதற்கு ‘ஒத்தையன்’ என்று பெயர். எனக்குப் ‘பூனை’ என்று பெயர். நடந்தால் சத்தம் வராது, யாராவது வீட்டுக்கு வந்தால் ஒளிந்துகொள்வேன் என்பதால். எங்கள் வீட்டில் பெயர் வைக்கும் பொறுப்பு முழுக்க அவனுடையது. அண்ணியின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த பிள்ளைக்கு மட்டும்தான் இன்னும் வைக்கவில்லை.

ஒத்தையன் நன்றாகவே ஓடியது. அண்ணனுக்கு அது போதவில்லை. சூப்பர்சார்ஜர் மாட்டப் போகிறேன் என்றான். எஞ்சின் தானாக இழுக்கிற மூச்சு பத்தாது என்று, பெட்ரோல் கலந்த காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கும் பம்பு அது. ஆனால் ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் மூச்சு இழுக்கும். பம்போ நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் ஒரு டாங்கி வேண்டும், ஊதியதைப் பிடித்து வைக்க. அந்த டாங்கியில் ஒரு பாதுகாப்பு வால்வு வேண்டும். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு வெளியே விட்டுவிடும்.

ஒரு பழைய இரும்புக் கடையில் மூன்றுமே ஒன்றாகக் கிடைத்தன. யாரோ ஏற்கெனவே தன் வண்டியில் மாட்டிக் கழற்றியவை. டாங்கியின் ஒரு பக்கம் மட்டும் கருத்திருந்தது. அண்ணன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கினான். மறுநாள் காலையில் அதே இடம் மறுபடி கருத்திருந்தது.

“என்னடி பூனை இது?”

“அலுமினியம்னா அப்படித்தான் இருக்கும்,” என்றேன்.

அலுமினியம் அப்படி இருக்காது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அண்ணிக்கு அன்றிலிருந்து ஷெட்டுப் பக்கம் போனாலே குமட்டியது. முடி கருகுகிற நாற்றம் அடிக்கிறதாம்.

“மாசமா இருந்தா எல்லாமே நாறும். போன வாரம் நான்கூட நாறுறேன்னு சொன்னே,” என்றான் அண்ணன்.

“நீங்க நிஜமாவே நாறுனீங்க,” என்றாள் அண்ணி.

டாங்கி எவ்வளவு கொள்ள வேண்டும், ஸ்பிரிங் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். டாங்கியின் அழுத்த மீட்டரில் முள் ஆறு வரை ஏற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “வெடிச்சுக் கிடிச்சு வைக்காதப்பா,” என்றபோது அண்ணன் மார்தட்டினான். “கணக்குல தப்பே வராது சார். போட்டது என் தங்கச்சி.”

எல்லாம் பூட்டி முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. அப்போதுதான் அண்ணி துணி காயப்போடும் இடத்தில் என்னை மடக்கினாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை நீட்டு ரோட்டுல எடுத்துட்டுப் போறாராம். நூத்தம்பதுல போகணுமாம். இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கணுமா? நீ படிச்சவ. ஏதாவது பண்ணு.”

“நான் என்ன அண்ணி பண்றது…”

“உடைக்க வேணாம். ஓடாம இருந்தா போதும். அவரே வெறுத்துப்போய் விட்டுடணும்.”

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லவும் எனக்கு வராது.

மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்தேன். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வர ஆறு மணி ஆகும். வால்வின் மூடியில் நான்கு போல்ட்டுகள். கழற்றி, உள்ளே இருந்த கனமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் ஒரு லேசான ஸ்பிரிங்கை வைத்தேன். ஆய்வுக்கூடத்தில் உடைந்து கிடந்த ஒரு பம்பிலிருந்து எடுத்தது. இனி அழுத்தம் ஏறுவதற்கு முன்பே வால்வு திறந்துகொள்ளும். யாருக்கும் அடிபடாது. கனமான ஸ்பிரிங்கை என் பழைய பென்சில் பெட்டியில் போட்டு, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

அன்று மாலை அண்ணன் ஒத்தையனை உதைத்தான். பம்பை ஓட்டும் பெல்ட் கீச்சிட்டது. முள் இரண்டு வரை ஏறியது. பிறகு… புஸ்ஸ்ஸ்.

பெல்ட்டை இறுக்கினான். புஸ்ஸ்ஸ்.

மூன்று நாள் இப்படியே. பம்பைப் பிரித்தான், பூட்டினான். கேஸ்கெட் மாற்றினான். வால்வை மட்டும் தொடவில்லை. அது என் கணக்கு. மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து, கிரீஸ் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டான்.

“உன் கணக்கு சரிதான் பூனை. என் கைதான் விளங்காத கை.”



நான்காம் நாள் மாலை ஷெட்டிலிருந்து ஒரு கூச்சல். ஓடினேன். ஒத்தையன் உறுமிக்கொண்டிருந்தது. முள் ஆறில் நின்றது. அண்ணன் குழந்தை மாதிரிக் குதித்தான். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். அதுவரை பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. பென்சில் பெட்டிக்குள் இருந்தது லேசான ஸ்பிரிங்.

அதில் கரி ஒட்டியிருந்தது.

அண்ணன் கண்டுபிடித்துவிட்டானோ? அவன் முகம் எதையும் ஒளிக்கத் தெரியாத முகம். அதில் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அண்ணியைக் கேட்டேன்.

“எனக்கு ஸ்பிரிங்குக்கும் ஸ்க்ரூவுக்குமே வித்தியாசம் தெரியாதுடி.”

வெள்ளிக்கிழமை மறுபடி மாற்றினேன். இந்தத் தடவை அலமாரிச் சாவியை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போகும் முன் ஒரு உதை உதைத்துப் பார்த்தான்.

முள் ஆறு.

பெட்டிக்குள் லேசான ஸ்பிரிங். கரி இன்னும் அதிகம்.

மறுநாள் ஞாயிறு. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டேகால் மணி. தகரக் கூரை வெயிலில் டிக்… டிக்… என்று விரிந்துகொண்டிருந்தது. ஷெட்டின் கதவை அகலத் திறந்து வைத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. மூடியைக் கழற்றினேன். கனமான ஸ்பிரிங்கை எடுத்துத் தரையில் வைத்தேன். லேசானது என் வலது கையில் இருந்தது.

அப்போது அந்த நாற்றம் வந்தது.

முடி கருகும் நாற்றம். அண்ணி சொன்னபோதெல்லாம் எனக்கு அடித்ததே இல்லை.

கூரைச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பிறகு… ர்ர்ர்… டக்.

பம்பின் சக்கரம் அரைச் சுற்று சுற்றியது.

பெல்ட்டும் சேர்ந்து நகர்ந்தது. உதைக்கும் மிதி மெதுவாகக் கீழே இறங்கியது. யாரோ காலை வைத்துப் பதமாக அமுக்குவது போல.

யாரும் இல்லை.

வால்வின் திறந்த வாயிலிருந்து என் மணிக்கட்டில் ஒரு மூச்சு பட்டது. சூடாக இருந்தது. எஞ்சின் காலையிலேயே ஆறிப்போயிருந்தது.

அந்த மூச்சில் பெட்ரோல் வாசம்.

பெட்ரோல்.

அப்போதுதான் வால்வின் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்த்தேன். நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில், சைலன்சர் குழாய். ஷெட்டில் இரண்டு நிமிடம் ஓட்டினால் அது கொஞ்சம்தான் சுடும். நீட்டு ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் பழுத்துச் சிவக்கும். கனமான ஸ்பிரிங் என்றால் வால்வு அபூர்வமாகத்தான் திறக்கும். நான் வைத்த லேசான ஸ்பிரிங்கில் வழி நெடுகத் துப்பிக்கொண்டே இருக்கும். வெறும் காற்றை அல்ல. அதற்கும் பக்கத்தில் அண்ணனின் முழங்கால்.

யாருக்கும் அடிபடாது என்று நினைத்திருந்தேன்.

நான் அசையவில்லை. ஸ்பிரிங் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அதன் மேல் ஒரு கை வந்து படிந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் படிந்தது. காய்ந்த மரப்பட்டை மாதிரித் தோல். உதிர்கிற தோல். அது என்னை நெரிக்கவில்லை. அடிக்கவில்லை. மூடியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. பொறுமையாக…

சுண்டு விரல்… அடுத்தது… அடுத்தது…

ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அண்ணி வந்து பார்த்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தேனாம். என் உள்ளங்கை முழுக்கக் கரி. பயந்து பயந்து எட்டிப் பார்த்தேன். தரையில் வைத்த கனமான ஸ்பிரிங் இல்லை; வால்வின் மூடி மாட்டியிருந்தது. நான்கு போல்ட்டுகளும் இறுக்கியிருந்தன.

அன்று மாலை அண்ணன் வந்ததும் ஸ்பிரிங் மாற்றியதைச் சொல்லிவிட்டேன். கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் போய் வால்வின் வாயைப் பார்த்தான். சைலன்சரைப் பார்த்தான். தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“அண்ணி சொல்லித்தான் பண்ணியா?”

“இல்ல. நானாத்தான்.”

கதவோரம் அண்ணி நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

“என் கை விளங்காதுன்னு நெனச்சேன்டி, மூணு நாளா,” என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கும் போகவில்லை. திங்கட்கிழமை, வால்வின் வாயைக் கீழ்ப் பக்கம் திருப்ப ஒரு வளைவுக் குழாய் வாங்க, அதே பழைய இரும்புக் கடைக்குப் போனோம். நான் போவது அதுதான் முதல் தடவை. குழாயைத் தேடிக்கொண்டே அண்ணன் கேட்டான்.

“அந்த டாங்கி ஒரு பக்கம் கருத்துக் கருத்துப் போகுதே. ஏன் சார்?”

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

“சொன்னா வாங்க மாட்டீங்கன்னு சொல்லல. ஒரு பையன் வீட்டுலயே கட்டுன வண்டி. ரோட்டுல போறப்ப முழங்கால்கிட்ட தீப்பிடிச்சுது. பின்னாடியே வந்த தங்கச்சி வெறுங்கையால அணைக்கப் போயிருக்கு. பையன் அங்கயே போயிட்டான். அந்தப் பொண்ணு நாலு நாள் கிடந்து செத்துப்போச்சு. அவங்கப்பாதான் வித்தாரு.”

“அடப்பாவமே.”

“நாலு நாளும் ஒரே பேச்சாம். ‘ஓடாம இருக்கத்தான் லேசானதா வச்சேன், ஓடாம இருக்கத்தான் லேசானதா வச்சேன்’னு. என்னத்த வச்சுதோ, யாருக்கும் புரியலயாம்.”

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

கடைக்காரரும் பார்த்தார்.

“இது யாரு தம்பி?”

“என் தங்கச்சி.”

“அப்ப அன்னைக்கு உங்ககூட வந்தது?”

“அன்னைக்கு நான் தனியாத்தானே சார் வந்தேன்.”

“இல்லயே. டாங்கிய வண்டியில கட்டுனப்ப பக்கத்துலயே நின்னுச்சே ஒரு பொண்ணு. ரெண்டு கையிலயும் துணி சுத்திக்கிட்டு. நீங்க கிளம்புறப்ப பின்னாடி ஏறி உக்காந்துச்சு. நான்கூட, கையில என்னம்மான்னு கேட்டேன். பதிலே சொல்லல.”

அவன் டாங்கியை வாங்கி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணி என்னிடம் கேட்பதற்கு ஒன்றரை மாதம் முன்பு.

எங்கள் வீட்டில் அப்போது யாரும் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.