பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த பித்தநீர்

பசியை அளந்துவிட்டு அதை வெள்ளாட்டின் குணம் என்று எழுத வைத்தீர்கள், சார். அதுவும் என் ஆய்வேட்டில், என் பெயரில்.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பித்தநீரில் உள்ள புரதம் எப்படி வேறுபடுகிறது என்பதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு. செம்மறி மாதிரிகளைச் சாதாரண ஞாயிறுகளில் எடுத்தேன்; அவை தழை தின்றுவிட்டு வந்த ஆடுகள். வெள்ளாட்டுக்கு நீங்கள்தான் நாள் குறித்தீர்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கறிக்கடையில் கூட்டம் இருக்காது, நிதானமாக எடுக்கலாம் என்றீர்கள்.

கூட்டம் இல்லைதான். கடைக்கார அக்கா ஈரலிலிருந்து பித்தப்பையை அறுத்துக் கொடுத்தார். கத்தரிக்காய் மாதிரி உப்பியிருந்தது. உள்ளிருந்த பித்தநீர் ஊசியில் லேசில் ஏறவில்லை. கரும்பச்சையாக, நூல்போல இழுபட்டது.

“என்னக்கா, பை இவ்ளோ பெருசா இருக்கு?”

“நேத்தெல்லாம் கிரிவலக் கூட்டம், கறி யார் வாங்குறா? முந்தாநாள் வந்த ஆடு, அப்டியே கட்டிக் கெடந்துச்சி. தழை போட ஆளு வரல. அது பட்டினி கெடந்து சாவுது, நீ அத வச்சி டாக்டர் ஆவப்போற” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடு தின்றால் பித்தநீர் குடலுக்குப் போகும். தின்னாவிட்டால் பையிலேயே தேங்கும். தண்ணீரைப் பையின் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் கொழுப்பும் புரதமும் மிஞ்சிக் கெட்டியாகும். ஆய்வகத்தில் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியபோது வெள்ளாட்டின் புரதப் பட்டைகள் தடித்துத் தெரிந்தன. நீங்கள் சந்தோஷத்தில் குதிக்காத குறைதான்.

“பட்டினி ஆடு சார். மறுபடி எடுத்துடறேன்.”

“எழுதி முடிச்சத ஏம்மா கெளர்ற? எல்லாம் ஆடுதான?”

எல்லாம் ஆடுதான் என்றால் இந்தத் தலைப்பு எதற்கு? பட்டினி என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். அதையும் அடித்துவிட்டு ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினீர்கள்.

வேங்கிக்கால் பஸ்ஸில் உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் நிஜமாகவே வேறுபாடு இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை வருஷம் ரத்தவாடையோடு அலைந்தேன். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். பட்டம் போனாலும் போகட்டும், பட்டினியைச் சொல்லப்போகிறேன். சொல்லி முடித்ததும் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். அந்த வரியை ஏன் அடித்தீர்கள் என்று அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.