நேர்ந்து விட்ட சேவல்

எங்கள் ஊரில் எந்தச் சேவலும் கிழடாவதில்லை. கொண்டை சிவந்து கூவப் பழகியதுமே அதற்குக் காலம் நெருங்கிவிடும். விருந்தாளிகள் வருவார்கள், இல்லாவிட்டால் வருசப் பிறப்பு வரும். மூன்று நான்கு வயது தாண்டிய சேவல் ஒன்று முற்றத்தில் நடந்து திரிகிறதென்றால், அது காளியம்மனுக்கு நேர்ந்து விட்டதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று, கோயில் திருவிழாவுக்குக் காத்து, காலில் மஞ்சள் துணியோடு நின்றது. பக்கத்து வீட்டார் காயப்போட்ட நெல்லில் ஏறி நின்று தின்றாலும் அதை ஒருவரும் விரட்டமாட்டார்கள். பத்து வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்த அப்பாவுக்குக்கூட ஊரில் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அப்பா தானாக வரவில்லை. விசா கிடைக்காமல், பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அதுவரை அவர் எனக்கு ஒரு தொலைபேசிக் குரல் மட்டும்தான். வந்து நாலு மாதமாக வாவிக்கரையில் போய் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் வரமாட்டார்.

அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் சமையல். பாசிக்குடாவில் புதிதாக எழும்பிய ஹோட்டல் ஒன்றின் குசினியை ஒரு பிரெஞ்சுக்காரர் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. "சிவப்பு வைனில் வேகவைத்த சேவல் தெரியும் என்கிறாயே, ஞாயிற்றுக்கிழமை அதைச் சமைத்துக்கொண்டு வா, பார்க்கிறேன்" என்று அந்த மனிதர் ஒரு போத்தல் வைனையும் கொடுத்து அனுப்பினாராம். அந்த வேலை கிடைத்தால் அப்பா மறுபடி மனிதராகிவிடுவார் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அந்தச் சமையலுக்குக் கிழட்டுச் சேவல் வேண்டும். கடைக் கோழி வைனில் கிடந்தால் கரைந்து கஞ்சியாகிவிடும். அப்பா இரண்டு நாள் சைக்கிளில் ஊர் ஊராய் அலைந்தார். எங்கும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் வந்து முற்றத்தில் நின்றவர், எங்கள் சேவலைப் பார்த்தார். அம்மா வந்தாறுமூலையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தா.

"அப்பா, அது காளியம்மாளுக்கு நேந்தது" என்றேன்.

"தெரியும் புள்ள. எனக்கு விசா கிடைக்கோணுமெண்டு கொம்மா நேந்தது. கிடைச்சதா? கேட்டதக் குடுக்காத சாமிக்கு என்ன சேவல்?"

வாதம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. அந்தப் பிழை அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்று அம்மா வாயைக் கட்டிப்போட்டிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே சேவலை வெட்டித் துண்டாக்கி, கரட், வெங்காயம், ஏதோ காய்ந்த இலைகளோடு புது மண்சட்டியில் வைனில் ஊறவைத்தார். மறுநாள் காலையில் கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். துண்டுகளை வெண்ணெயில் சிவக்கப் பொரித்து, மா தூவி, ஊறிய வைனை ஊற்றி, மூடியைச் சுற்றிப் பிசைந்த மாவால் அடைத்தார். சிரட்டைக் கரியில் மூன்று மணித்தியாலம் மெல்ல வேகவேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்தில் அப்பா பேசியது, அதற்கு முன் என் வாழ்நாளில் அவர் என்னோடு பேசியதைவிட அதிகம். அவர் வேலை செய்த குசினி நிலத்துக்குக் கீழே இருந்ததாம், தலைக்கு மேல் போகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். தட்டுக் கழுவப் போனவர் சட்டி பிடிக்கப் பழகிய கதையைச் சொல்லும்போது சிரித்தார். அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

பாசிக்குடா போக ஓட்டோ வந்து படலையில் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, சட்டியைத் துணியில் கட்டித் தூக்கினார். எனக்கு அவரை இன்னும் சந்தோசப்படுத்தவேண்டும் போலிருந்தது. பலித்துவிட்ட நேர்த்தியைச் சொன்னால் என்ன குற்றம்?

"அப்பா, காளியம்மாள் கேட்டதக் குடுத்திட்டா. அம்மா நேந்தது விசாவுக்கில்ல. நீங்க திரும்பி வரோணுமெண்டுதான். நான்தானே குஞ்சப் பிடிச்சிக்கிட்டு நிண்டன்!"

அப்பா சட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா பஸ்ஸால் இறங்கி வந்தா. முற்றத்தில் கிடந்த இறகையும் மஞ்சள் துணியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றா.

"நீ என்னத்துக்கு நேந்த?" என்று அப்பா கேட்டார். சத்தம் போடவில்லை.

"நீங்க வந்து சேரோணுமெண்டு."

"விசாவுக்கெண்டுதானே போனில சொன்ன?"

"விசா கிடைச்சிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?"

ஓட்டோக்காரர் இரண்டு முறை ஹோர்ன் அடித்தார். மூன்றாவது முறை அடித்தபோது, போகச் சொல்லும்படி அப்பா என்னிடம் கையைக் காட்டினார். சேவலை வெட்டியதால் வந்த பயம் என்றே நான் நினைத்தேன். "வேற சேவல் வளத்துக் குடுப்பம் அப்பா, காளியம்மாள் கோவிக்கமாட்டா" என்று ஆறுதல்கூடச் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். பின் வெள்ளைச் சட்டையோடு வாவிக்கரைக்குப் போய்விட்டார். சட்டியை ஒருவரும் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அதை அப்படியே கொல்லையில் புதைத்தா.

அடுத்த வருடம் அப்பா மறுபடி போனார். இந்த முறை கடலால், படகில். போன படகைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

செய்தி வராத முதல் மாதத்தில் நான் ஒரு சேவல் குஞ்சை வாங்கி வந்து அம்மாவின் மடியில் வைத்தேன். மஞ்சள் துணியையும் கிழித்து வைத்திருந்தேன். "போனமுற மாதிரியே நேருங்கம்மா, அப்பா வந்திருவார்" என்றேன். அம்மா குஞ்சைத் தடவிக்கொடுத்தா. பிறகு, "ஒருமுற நேந்தது போதும்" என்று துணியை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, குஞ்சை முற்றத்தில் விட்டா.

அப்பா வருவதை அம்மா விரும்பவில்லை என்று நினைத்து, ஒரு மாதம் நான் அவவோடு பேசவில்லை.