சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல்

அப்பாவுக்குப் பிரஷர் இருந்தது. இரத்தினபுரி கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தலை சுற்றுகிற நாட்களில் மட்டும் போடுவார். சுற்றாவிட்டால் நோய் போய்விட்டது என்பது அவருடைய முடிவு.

அன்று தோட்டத்து வரிசை வீடுகளில், கீழ் லயத்தில், கல்யாணம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குடிக்காதவர்களின் சோடாவில் சாராயத்தைக் கலந்துவிட்டு வேடிக்கை பார்ப்பதில் பேர்போனவர். அப்பா குடிக்காதவர், அங்கே சோடா குடித்துவிட்டு வந்திருந்தார். அதனால், நடுச்சாமத்தில் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பேச்சுக் குழறியபோது அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

"அவன் ஊத்திக் குடுத்தா நீங்களும் குடிச்சிட்டு வருவீங்களா?" என்றாள், மிக மெதுவாக. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அடுத்த காம்பராவில் பெரியப்பா குடும்பம்.

அப்பா எதையோ மறுத்தார். சத்தம் கூடியதும் அம்மா அவர் வாயைப் பொத்தினாள். போதை தெளிய, என்னை எழுப்பித் தேசிக்காய் வெட்டிப் புளிச்சாறு பிழியச் சொன்னாள். சாற்றுக் கோப்பை அப்பாவின் வலது கையிலிருந்து நழுவியது. அம்மா ஊட்டிவிட்டாள், பாதி ஒரு பக்கமாக வழிந்தது, மீதி புரையேறியது. இருமல் கேட்டுவிடுமோ என்று சுவரையே பார்த்தாள். விடிந்தால் தெளிந்துவிடும் என்று சொல்லி, அவரைப் படுக்கவைத்துவிட்டுத் தலைமாட்டில் விழித்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து, இன்னும் வழிந்துகொண்டிருந்த அவர் வாயைத் துடைக்கப் போனேன்.

"அம்மா, அப்பாக்கிட்ட சாராய வாடையே இல்லம்மா."

அம்மா குனிந்து மோந்து பார்த்தாள். அப்பாவின் வலது கையைத் தூக்கி விட்டாள். அது அப்படியே விழுந்தது. அவ்வளவு நேரமும் பயந்த அந்தச் சுவரை இரண்டு கைகளாலும் அடிக்கத் தொடங்கினாள்.

லயம்வரை ஆட்டோ ஏறாது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் படியிறக்கினார்கள். அதில் ஒருவரான மாமா, "அக்கா, அத்தானுக்கு வெறும் சோடாதாங்க்கா குடுத்தேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா பிழைத்தார். இறப்பர் வெட்டும் கத்தியை மட்டும் அந்தக் கை பிறகு பிடிக்கவில்லை. இப்போது என் கணவர் தூக்கத்தில் உளறினாலும் எழுப்பிச் சிரிக்கச் சொல்கிறேன், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்கிறேன். பிள்ளை விழித்துக்கொண்டு அழுகிறது. வீண் பயமோ என்று எனக்கே தோன்றுகிறது. அடுத்த முறையும் எழுப்புகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இது எப்போது தொடங்கியது? பக்கவாதத்துக்கு நேரத்தைப் பொறுத்துத்தான் மருந்து என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கேட்டார். டாக்டர் வேகமாகப் பேசுவதால் அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் உதவிக்கு வந்த பெருமையோடு, அதே கேள்வியை அவளிடம் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை கேட்டேன்.