கறுப்புக் கோட்டு போட்ட சனிக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை பவுனு அண்ணி கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்ததும் வீடு முழுக்கப் பாச்சா உருண்டை வாசனை அடித்தது. மேலே கிடந்த பட்டுப்புடவை, கம்பளி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து உதறினாள். அண்ணி மகள் யசோதரா சட்டம் படித்து முடித்துவிட்டாள். அடுத்த மாதம் வக்கீலாகப் பதிவு செய்துகொள்கிறாள். புதுக் கோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "இத சின்னதாக்கித் தெச்சிக்கலாம். துணி நல்லாத்தான் கீது" என்று சொல்லி, அதைத் தட்டித் தட்டி முகர்ந்து பார்த்தாள். நானும் முகர்ந்தேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அன்றைக்கு நான் ஒரு வேலைக்கும் உதவவில்லை.

அந்தக் கோட்டு எங்கள் எம்.எல்.ஏ.வாக இருந்த தனபாலுடையது. இந்த ஊர் எம்.எல்.ஏ.வின் கோட்டு ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தகரப் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் நேராகச் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை. டைப் அடிக்கும்போது மட்டும்தான் எனக்கு வரி வளையாது.

டைப் அடிப்பதுதான் என் முதல் வேலை. தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு ஓட ஆரம்பித்த காலம் அது. என் அண்ணனும் ஓடினான். அவன் அங்கேயே தங்கி வாரத்துக்கு ஒருமுறை வருவான். எனக்கு மட்டும் உள்ளூரிலேயே, ராபர்ட்சன்பேட்டையில் எம்.எல்.ஏ. ஆபீசில் வேலை கிடைத்தது. மனு, சிபாரிசு, மேடைப் பேச்சு எல்லாம் அடிக்க வேண்டும். மேடைப் பேச்சு என்றால் பெரும்பாலும் எத்திராஜைத் திட்டுவதுதான். எத்திராஜ் எதிர்க்கட்சிக்காரர், மேலவை உறுப்பினர். தனபால் சார் அறைக்குள் நடந்தபடி ஆவேசமாகச் சொல்லச் சொல்ல, நான் எழுத்துப் பிழை இல்லாமல் திட்டிக்கொண்டிருப்பேன். எத்திராஜின் ஆபீசிலும் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்து எங்களைத் திட்டிக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்குச் சம்பளம் என்னைவிட அதிகம் என்று கேள்விப்பட்டு எனக்கு அவள்மேல்தான் கோபம்.

மாதம் முழுக்க தனபால் சாருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் கட்சித் துண்டு. மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் துண்டும் கிடையாது, வேட்டியும் கிடையாது. பாச்சா உருண்டை வாசனையோடு கறுப்புக் கோட்டும் பேண்ட்டும் போட்டு, கையில் சின்னத் தோல் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்குவார். ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் சட்டென்று எழுந்து வழிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் யாரும் கூடப் போக மாட்டார்கள். அவர் போவது தலைவெட்டிக் கோயிலுக்கு.

அது கோயில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத்துப் பெரிய அதிகாரிகள் ஆரம்பித்த ஒரு சகோதரச் சங்கத்தின் கூடம், லாட்ஜ் என்பார்கள். ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். கதவுக்கு மேலே மூலைமட்டமும் கவராயமும் வரைந்திருக்கும், நடுவில் ஒரு கண். கூட்டம் நடக்கிற நாளில் வாசலில் ஒருவர் வாளோடு நிற்பார். வாளைப் பார்த்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? உள்ளே சேர வருகிறவனின் தலையை வெட்டித் தட்டில் வைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்ப ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்று எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து பேச்சு. எம்.எல்.ஏ.வுக்கு முடிவெட்டுகிறவரிடமே ஒருமுறை கேட்டுவிட்டார்கள், கழுத்தில் தழும்பு இருக்கிறதா என்று. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "தையலே தெரியல. நல்ல டெய்லருதான்" என்றாராம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம் வேறு. எத்திராஜும் அதே லாட்ஜில் உறுப்பினர். அதே சனிக்கிழமை அவரும் கறுப்புக் கோட்டில் போவார். வெள்ளிக்கிழமை மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, சனிக்கிழமை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் சார் நல்ல மூடில் இருந்தபோது கேட்டே விட்டேன்.

"உள்ள அரசியல் பேசக்கூடாதும்மா, சாமியப் பத்தியும் பேசக்கூடாது. அது ரூலு. அவரு எனக்கு உப்பு எடுத்துக் குடுப்பாரு, நான் அவருக்கு ரொட்டி எடுத்துக் குடுப்பேன். பிரதர்னுதான் கூப்புட்டுக்குவோம்."

"அப்ப எங்க லைன் தண்ணி விஷயத்த அங்கயே பேசிடலாமே சார்?"

அவர் முகம் மாறிவிட்டது. "உள்ள பேசக்கூடாது. வெளிய வந்தா பேச முடியாது. ஆளுங்க இன்னா சொல்லுவாங்க?"

தண்ணி விஷயம் இதுதான். சுரங்கக் கம்பெனி இருந்தவரை பேத்தமங்களா ஏரித் தண்ணீர் எங்கள் லைன் குழாயில் வந்துகொண்டிருந்தது. கம்பெனி மூடியதும் நின்றுவிட்டது. எத்திராஜ் தன் நிதியில் லைனுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி கட்டினார். தனபால் சார் தன் நிதியில் பைப் போட்டார். பைப் வந்து தொட்டிக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்தால் திறப்புவிழாக் கல்வெட்டில் யார் பேர் மேலே வருவது? இவர் பைப்பில் அவர் தண்ணீர் பிடிப்பதா, அவர் தொட்டியில் இவர் தண்ணீர் விடுவதா? நகரசபை இன்ஜினியர், இருவரும் சரி என்றால் ஒரே வாரத்தில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். தொட்டி நிழலில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. பைப்புக்குள் பிள்ளைகள் கோலி உருட்டி விளையாடினார்கள்.

அப்போது யசோதரா அண்ணியின் வயிற்றில் இருந்தாள். ஏழாவது மாதம். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தண்ணீரோ ரயில் பாதையைத் தாண்டிப் போய் எடுத்து வர வேண்டும். காலையில் நான் முடிந்த அளவு எடுத்து வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அண்ணி இன்னொரு நடை போய் வந்திருப்பாள். திட்டினால், "குடிக்கத் தண்ணி இல்ல, இன்னா பண்றது?" என்பாள். ஒருநாள் ஜல்லியில் கால் இடறி உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனால் அன்று சாயந்திரம் முழுக்க வயிற்றில் கைவைத்தபடி சுவரில் சாய்ந்தே கிடந்தாள்.

அவளைக் கலகலப்பாக்கலாம் என்று நினைத்துத்தான் சார் சொன்ன உப்பு, ரொட்டிக் கதையைச் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை.

"உள்ள போனா பேச மாட்டாங்க. வெளிய வந்தா பேச மாட்டாங்க. அப்ப வாசப்படியிலதான் புடிக்கணும்" என்றாள்.

அடுத்த லாட்ஜ் சனிக்கிழமை லைன் பெண்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு புறப்பட்டோம். எல்லாரும் என்று பெருமையாகச் சொல்கிறேன், பாதிப் பேரை அண்ணி இழுத்துத்தான் வந்தாள். "தலைய வெட்டிடுவாங்கடி" என்று ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். "வெட்டட்டும். தலை இல்லன்னா கொடம் தூக்கற வேலையே இல்ல பாரு" என்றாள் அண்ணி. எனக்குத் தலையைவிட வேலை போய்விடுமே என்றுதான் கவலை. முக்காடு போட்டு, இருப்பதிலேயே பருமனான ஒரு அக்காவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

வெயில் சாயும் நேரம். எத்திராஜின் கார் முன்னால் வந்தது, சாருடையது பின்னால். கட்சிக்காரர்கள் யாரும் அன்றைக்குத் தைலமரத் திருப்பத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர மாட்டார்கள், அவர்களுக்கும் தலைமேல் ஆசை உண்டு. ஆகவே இருவரும் தனியாகத்தான் இறங்கினார்கள். துண்டு இல்லை, கோஷம் இல்லை, மாலை இல்லை. கறுப்புக் கோட்டில் பார்க்க இரண்டு பேரும் கல்யாண வீட்டு மாமன்மார்களைப் போல இருந்தார்கள். அவர்கள் படியில் கால் வைக்கும்போது அண்ணி குடத்தை இறக்கி நடுப்படியில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் எத்திராஜ்.

"தண்ணி வோணுங்க. ரெண்டு பேரும் இங்கயே ஒரு வார்த்த பேசிக்கினு உள்ள போங்க."

கதவைத் திறந்துகொண்டு வாள்காரர் வந்தார். பெண்கள் மொத்தமாகப் பின்வாங்கியதில் நான் அந்த அக்காவின் அடியில் நசுங்கிப்போனேன். பாவம், அவர் வயதான மனிதர். நேரமாகிவிட்டது, கதவைச் சாத்தப்போகிறேன் என்று சொல்ல வந்திருக்கிறார். அண்ணி நகரவில்லை. வாளைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் இருங்க மாமா. அதால தேங்கா கூட ஒடையாது" என்றாள். அவர் வாளை ஒருமுறை பார்த்துவிட்டு அதை இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

தனபால் சார் கூட்டத்தைப் பார்த்தவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ எங்கம்மா இங்க?" என்றார். முக்காட்டை எடுத்துவிட்டேன். "எங்க அண்ணிங்க சார். தண்ணி தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன். அண்ணியின் வயிறு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

எத்திராஜ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தனபால் பிரதர், இன்னா சொல்றீங்க?"

"நீங்க சொல்லுங்க பிரதர். கல்லுல யார் பேரு?"

"கல்லே வாணாங்க" என்றாள் அண்ணி. "யாரு பேரும் வாணாம். தண்ணி வந்தா போதும். உள்ள ரகசியமா போட்டுக்குவீங்களாமே ஒரு கை, அத போட்டா வாக்க மீற மாட்டீங்கன்னு சொல்றாங்க. அந்தக் கைய போடுங்க, நாங்க பாத்துட்டுப் போறோம்."

எத்திராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனபால் சாரையும் அது தொற்றிக்கொண்டது. இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அண்ணி பக்கத்தில் போய்க் குனிந்து அந்தக் கைகளை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை வேலை இருக்கிறதோ இல்லையோ என்று ஆபீசுக்குப் போனேன். சார் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜினியருக்கு அனுப்ப ஒரு கடிதம் சொன்னார், அடித்தேன். கையெழுத்துப் போடும்போது மட்டும், "நாங்க போட்டது சாதாரண கைதாம்மா. அந்தக் கைய வெளியில காட்டக்கூடாது. உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத" என்றார். நான் இன்றுவரை சொல்லவில்லை. சாதாரணக் கையைக் கொடுத்தும் வாக்கைக் காப்பாற்றினார்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

தண்ணீர் வந்த நாளும் லாட்ஜ் சனிக்கிழமைதான். அந்த நாளை அவர்களே பார்த்து வைத்தார்கள். கோட்டில் வந்தால் கட்சிக் கணக்கில் சேராது அல்லவா! எத்திராஜ் குழாயைத் திறந்தார். சீறிக்கொண்டு செம்மண் தண்ணீர் வந்து, பிறகு தெளிந்தது. முதல் குடம் நிறைந்ததும் நிறைமாதமாக இருந்த அண்ணி பழக்கத்தில் குனிந்தாள். "நீ இரும்மா" என்று தனபால் சார் ஒரு பக்கம் பிடித்தார், எத்திராஜ் இன்னொரு பக்கம் பிடித்தார். இருவருக்கும் குடம் தூக்கிப் பழக்கமில்லை. தண்ணீர் தளும்பிக் கோட்டெல்லாம் நனைய, எங்கள் வீட்டுப் புத்தர் படத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். லைன் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் அழுதேன். அன்றைக்கு நேரமாகிப்போய், இருவரும் போவதற்குள் லாட்ஜ் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்காக அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்த தேர்தலில் எத்திராஜைத் திட்டி நான் பக்கம் பக்கமாக அடித்தேன். ஆனால் தண்ணீரைப் பற்றி மட்டும் இரண்டு மேடையிலும் பேச்சு வரவில்லை. சார் என்னை எங்கே பார்த்தாலும், "கொழாப் பாப்பா எப்படி கீது?" என்று யசோதராவை விசாரிப்பார். அவர் காலமான பிறகு அவர் மனைவி ஒரு பையோடு எங்கள் வீடு தேடி வந்தார். "கொழாப் பாப்பா வீட்டுக்குக் குடுன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். பைக்குள் இந்தக் கோட்டு.

எத்திராஜும் போய்விட்டார். லாட்ஜுக்குக் கூரை இல்லை, ஜன்னலையும் கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் இருந்த கண்ணும் வெளுத்துவிட்டது. தலையை வெட்டுவார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்கப் போவார்கள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் கல்வெட்டு இல்லை. எங்கள் தொகுதியில் பேர் வெட்டிய கல் இல்லாத குழாய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இப்போது வருகிற தலைவர்களைச் சுற்றி எந்த நேரமும் ஆட்கள், கேமரா. துண்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேர் தனியாக வந்து நிற்க ஒரு வாசற்படி இந்த ஊரில் இல்லாமல் போய்விட்டது.

இதை நான் ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டே சொல்லிப் புலம்பியிருக்கிறேன் போலிருக்கிறது. யசோதரா கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். கோட்டுக் கை அவள் விரலைத் தாண்டித் தொங்கியது. அவளுக்கு வரப்போகிற முதல் வழக்கே எங்கள் லைன் வீடுகளுக்குப் பட்டா கேட்கிற வழக்குதான். அண்ணி வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, மகளின் கை அளவுக்குக் கோட்டை மடித்துப் பிடித்தாள்.

"லாட்ஜு போனா போவட்டும். கோர்ட்டுக்கும் படி கீதில்ல? இத போட்டுக்கினு போய் அங்க நில்லு" என்றாள்.