கீழே போக மேலே ஏறும் பஸ்

என் மனைவியின் தம்பி கத்தாரிலிருந்து திரும்பி வந்து, எல்கடுவ மலை ரோட்டோரத்தில் தன் காணியில் வாடகை வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னபோது, எனக்கு அதில் ஒரு வேலையும் இருக்காது என்று நிம்மதியாக இருந்தேன். சிமெந்து மூட்டையும் நானும் எப்போதும் மரியாதையான தூரத்தில்தான் இருந்து வருகிறோம். ஆனால் கட்டட அனுமதி தருகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். குடிவருகிறவர்கள் ஆளுக்கொரு வாகனம் வாங்கி அந்த ஒடுங்கிய ரோட்டை அடைக்காமல், நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் எப்படிப் போய்வருவார்கள் என்று ஒரு பயணத் திட்டம் வேண்டுமாம்.

"அத்தான், நீங்கதானே பத்திரிகைக்கெல்லாம் எழுதுறீங்க. இதையும் எழுதிருங்க."

"நான் எழுதுறது சனம் சிரிக்கிற பகிடி, மச்சான்."

"அப்புடியே எழுதுங்க. யாரு வாசிக்கப் போறா?"

குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "சந்திக் கடைக்கு த்ரீவீல்ல போற மனுசன் நடக்கிறதப் பத்தி எழுதப் போறாரு. வெளங்கும்."

நான் மறுக்காததற்குக் காரணம் மச்சானின் மகள். அவன் வந்த புதிதில் அந்தப் பிள்ளை அவனை 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டது. இப்போதுதான் 'அப்பா' என்று சொல்லவும் அவன் தோளில் தூங்கவும் பழகியிருந்தது. அனுமதி கிடைத்தால் வாடகை வருமானத்தில் அவன் இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் கத்தார்தான். பழைய முதலாளி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே எழுதினேன். ஆடுகூட நின்று யோசித்து ஏறும் அந்த மேட்டில் சைக்கிள் கொட்டகை வைத்தேன். பூச்செடி நட்ட நடைபாதை போட்டேன். காணி ஓரமாக, கீழே மாத்தளை டவுனுக்குப் போகும் பக்கத்தில், ஒரு பஸ் தரிப்பிடம் வைத்தேன். என் எழுத்தை நம்பிய ஒரே வாசகன் மச்சான்தான். அனுமதி வருமுன்னே தரிப்பிடத்துக்குத் தகரக் கூரையும் பெஞ்சும் போட்டுவிட்டான்.

பார்வையிட ஒரு காலையில் அதிகாரி வந்தார். நாவுல என்ற ஊர்ப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, மலை ரோடு பழகாமல் வயல்வெளியில் வளர்ந்தவர். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. எங்கள் புதுப் பெஞ்சில் ஒருவரும் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தாதி, இரண்டு டீச்சர்மார், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் நனைந்துகொண்டு நின்றது.

"அவர்கள் எங்கே போகிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தளைக்குத்தான், மிஸ்."

"மாத்தளைக்குப் போக ஏன் அந்தப் பக்கம் நிற்கிறார்கள்?"

மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாத்தளையிலிருந்து வரும் பஸ் மேலே எல்கடுவ சந்திவரை போய்த் திரும்பும். சந்தியிலேயே நிறைந்துவிடுவதால், இறங்கி வரும்போது எங்கள் இடத்தில் கால் வைக்கவும் இடமிருக்காது. அதனால் மேலே போகும்போதே ஏறி, சீட் பிடித்து, சந்தியைச் சுற்றிக்கொண்டு கீழே வருவதுதான் இங்குள்ள வழக்கம். நாங்கள் இருவருமே பள்ளிக்கூடக் காலமெல்லாம் அப்படித்தான் போனோம். கடதாசியைக் கண்டதும் மட்டும் ஒழுங்கான மனிதர்களாகி, ஒழுங்கான பக்கத்தில் கூரை போட்டிருக்கிறோம்.

நான் விளக்கினேன். என் சிங்களத்தில் அது இன்னும் நம்பமுடியாததாக ஒலித்திருக்க வேண்டும். "யாரும் பாவிக்காத தரிப்பிடத்தைக் காட்டி அனுமதி கேட்டால் நான் எப்படிச் சிபாரிசு செய்வது?" என்றார். மச்சானின் முகம் விழுந்துவிட்டது.

அப்போது பஸ் மேலேறி வந்தது. "ஒருக்கா ஏறிப் பாருங்க, மிஸ்," என்றான் அவன். அதிகாரி என்ன நினைத்தாரோ, ஏறிவிட்டார். நாங்களும் தொற்றிக்கொண்டோம்.

"என்ன சேர், த்ரீவீல் மக்கரா?" என்றார் கண்டக்டர்.

டீச்சர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "மிஸ், ஜன்னல் பக்கம் ஒக்காருங்க. சந்தியில ஏறுறவங்க மேலயே விழுவாங்க."

விழுந்தார்கள். திரும்பி வரும்போது பஸ் எங்கள் தரிப்பிடத்தை எட்டியும் பார்க்காமல் கடந்தது. யாரோ ஒருவரின் சாப்பாட்டுப் பை மடியில் இருக்க, அதிகாரி ஜன்னல் வழியே அந்தத் தகரக் கூரையைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைக் கழற்றி அந்தப் பக்கம் வைக்க முடியுமா?"

அந்தப் பக்கத்துக் காணி மிளகு வாங்கும் ஹாஜியாருடையது. மச்சான் பஸ்ஸிலிருந்தே போன் எடுத்தான். "மழையில நிக்கிற சனத்துக்குத்தானே மகன், வெச்சிக்கோங்க," என்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்படியானால் திட்டத்தைத் திருத்தி எழுதித் தாருங்கள்," என்றார் அதிகாரி. இந்த முறை எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினேன். ஒரே பக்கத்தில் முடிந்தது.

அனுமதி வந்த மறுநாள் நானும் மச்சானும் பெஞ்சைத் தூக்கி ரோட்டின் அந்தப் பக்கம் வைத்தோம். தூக்கியது பெரும்பாலும் அவன்தான். நான் வாகனம் வருகிறதா என்று பார்த்தேன். வைத்த கையோடு அவன் அதில் உட்கார்ந்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த மகளை மடியில் ஏற்றிக்கொண்டான். மேலேறி வந்த பஸ் எங்களைக் கண்டு நின்றது.

"மாத்தளைக்கா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே," என்றான் மச்சான். "நான் எங்கயும் போகல."