கம்ப்யூட்டருக்குத் தனி லைன்

1978-இல் புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது எல்லோரும் அதன் முகப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயர்மேன் அற்புதசாமி மட்டும் பின்பக்கம் போய், ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருந்ததைக் குறித்துக்கொண்டார்.

பீரோ உயரத்தில் கம்ப்யூட்டர், தகவலைச் சேமிக்கும் இரண்டு டிஸ்க் பெட்டிகள், ஒரு பிரிண்டர். டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் வழக்கமாக இழுப்பதைப்போல மூன்று மடங்கு மின்சாரம் இழுக்கும். அறையின் ஏ.சி.க்களும் அதே லைனில் இருந்தால் வோல்டேஜ் தாங்காது. தனி லைன், தனி எர்த் வேண்டும் என்று வரைபடத்தோடு எழுதி இன்ஜினியர் ரெங்கராஜிடம் கொடுத்தார்.

ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்காரர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரெங்கராஜ் மாலை வகுப்பில் டிப்ளமா படித்த மூன்று வருடமும் அவருடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர் அற்புதசாமி.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இப்ப இருக்கிற லைன்லயே கொடுத்துடு. அடுத்த மாசம் தனி லைன் இழுத்துக்கலாம். நான் இருக்கேன்ல, கையெழுத்துப் போடு" என்றார் ரெங்கராஜ்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அற்புதசாமி போட்டிருக்க மாட்டார். சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டார்.

அடுத்த மாதம் வரவேயில்லை. சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல், ஏ.சி.க்கள் முழுவேகத்தில் ஓடும்போது இரண்டு டிஸ்க்கையும் இயக்கினார்கள். வோல்டேஜ் சரிந்தது. சுழலும் டிஸ்க் தட்டின்மேல் மயிரிழை உயரத்தில் மிதந்து தகவலைப் படிக்க வேண்டிய முனை தட்டிலேயே உரசியது. ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களின் பதிவுகள் அழிந்துபோயின.

விசாரணையில் ரெங்கராஜ் மேனேஜரிடம், "அற்புதசாமி எங்கிட்ட எதுவும் சொல்லலைங்க. லைன் சரியா இருக்குன்னு அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார். கடிதம் கோப்பில் இல்லை. நண்பனிடம் கொடுப்பதற்கு நகல் எதற்கு என்று அற்புதசாமி எடுத்து வைக்கவுமில்லை. இரண்டு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அங்கேயே ஏன் கத்தவில்லை என்று மனைவி பாக்கியமேரி கேட்டாள்.

"ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்ப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். பார்க்கவே இல்லை."

திரும்பி வேலைக்குப் போனபோது, தனி லைன் இழுக்கச் சொல்லி அவர் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கோடும் அவர் போட்டது. எர்த் குழியின் ஆழம்கூட அவர் எழுதியபடியே இருந்தது. கீழே ரெங்கராஜின் பெயர். கடிதம் தொலைந்துபோயிருக்கும் என்று அதுவரை மனதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வேலையைக் குறையில்லாமல் முடித்தார். எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். வோல்டேஜ் மீட்டரின் முள் அசையவில்லை. அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஜீயபுரத்தில் வாழைத்தோப்புகளுக்குப் பம்புசெட் மாட்டும் வேலைக்குப் போனார்.

1986-இல் ஒருநாள், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ரெங்கராஜ் வந்து உட்கார்ந்தார். காவிரிப் பாலம் பாதி கடந்ததும், "தப்பு என் மேலதான், அற்புதம்" என்றார் மெதுவாக.

"இதை மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் அற்புதசாமி.

மாம்பழச்சாலை நிறுத்தத்தில் அற்புதசாமி இறங்கிக்கொண்டார். அவர் போக வேண்டிய இடம் இன்னும் தள்ளி இருந்தது. அடுத்த பஸ்ஸுக்காக நின்றார்.